முதலில் லென்ஸ், பிறகு கேமரா

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு 'மிரர்லெஸ்' ஒரு தொல்லை பிடித்த சொல். கண்ணாடியில்லாத கேமரா என்று எழுதினால், கண்ணாடியே இல்லாமல் படம் எப்படி விழும் என்று வாசகர் கேட்பார். லென்ஸும் நமக்குக் கண்ணாடிதான். பழந்தமிழுக்குப் போய் 'ஆடி' என்று போட்டால் ஜவுளிக்கடைத் தள்ளுபடிதான் நினைவுக்கு வரும். ஆகவே இந்தப் பக்கத்தில் மிரர்லெஸ் மிரர்லெஸ்ஸாகவே இருக்கட்டும்.

காணாமல் போயிருப்பது டிஎஸ்எல்ஆர் கேமராவின் வயிற்றுக்குள் 45 டிகிரி சாய்ந்து நின்று, லென்ஸ் வழியே வரும் ஒளியை மேலே கண் வைக்கும் துளைக்குத் திருப்பிவிட்ட சின்னக் கண்ணாடி. இப்போது ஒளி நேராக சென்சாரில் விழுகிறது. சென்சார் பார்ப்பதை ஒரு குட்டித் திரை நமக்குக் காட்டுகிறது. 2008இல் பானசோனிக்கின் ஜி1 இதைத் தொடங்கி வைத்தது. சோனி முந்திக்கொண்டது. கேனானும் நிக்கானும் பெரிய சென்சார் மிரர்லெஸ்ஸுடன் களத்தில் இறங்கியது 2018இல்தான். 2020க்குப் பிறகு இரண்டு நிறுவனங்களும் புதிய டிஎஸ்எல்ஆர் எதையும் கொண்டுவரவில்லை. புதிதாக வாங்குகிறவருக்கு வேறு வழி அதிகமில்லை.

டில்லி சாந்தினி சவுக்கில் கூச்சா சவுத்ரி என்ற சந்து முழுக்க கேமராக் கடைகள். அங்கே அரைமணி நேரம் நின்றால் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம்: எத்தனை மெகாபிக்சல்? வாங்குகிறவர் கேட்க வேண்டியவற்றில் இதற்குக் கடைசி இடம் தரலாம். கல்யாண ஆல்பத்துக்கு 24 போதும்; அதற்கு மேல் வாங்குவது பெரும்பாலும் ஹார்டு டிஸ்க் விற்பவருக்குச் செய்யும் உதவி.

எந்த லென்ஸ் என்ற கேள்விதான் முதலில் வர வேண்டும். கேமராவோடு பெட்டியில் வரும் மலிவான ஜூம் லென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நீள முனையில் துவாரம் பெரும்பாலும் எஃப் 6.3. சாதாரண 50 மி.மீ. லென்ஸ் ஒன்று எஃப் 1.8 வரை திறக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ 12 மடங்கு ஒளி. மாலை நேர முகூர்த்தத்தில் 50 மி.மீ. லென்ஸுக்கு ஐஎஸ்ஓ 800 போதுமென்றால், பெட்டி லென்ஸ் அதே வேகத்துக்குப் பத்தாயிரம் வரை கேட்கும். மணப்பெண்ணின் பட்டுப்புடவையில் புள்ளி புள்ளியாக மணல் தூவியது போலிருப்பது அதனால்தான். கேமரா என்ன விலையானாலும் இந்தக் கணக்கு மாறாது.

அடுத்தது சென்சாரின் அளவு. ஃபுல் ஃபிரேம் என்பது 36க்கு 24 மி.மீ., அதாவது பழைய ஃபிலிம் சுருளின் அளவு. ஏபிஎஸ்-சி பரப்பில் அதில் பாதிக்கும் குறைவு. பானசோனிக்கும் ஒலிம்பஸும் சேர்ந்து உருவாக்கிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ், கால் பங்கை ஒட்டியது. சிறிய சென்சாரைக் கேவலமாகப் பேசுவது ஒரு நாகரிகமாகிவிட்டது. பறவைகளைத் தேடி பரத்பூரில் நடக்கிறவருக்கு அதுதான் வரம்: 300 மி.மீ. லென்ஸ் ஏபிஎஸ்-சியில் 450 மி.மீ. போல நெருக்கிக் காட்டும், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 600 போல. தோளும் அவ்வளவாக வலிக்காது.

பழைய லென்ஸ் வைத்திருப்பவர்களின் கதை வேறு. டில்லித் தமிழ்க் குடும்பங்களின் கல்யாணம், சீமந்தம், அரங்கேற்றம் என்று இருபது ஆண்டுகளாகப் படமெடுத்துவரும் நண்பர் ஒருவர் சென்ற குளிர்காலத்துக்கு முன்பு நிக்கான் இஸட் வரிசைக்கு மாறத் தீர்மானித்தார். இப்போதெல்லாம் வாடிக்கையாளர்கள் வீடியோவும் கேட்கிறார்கள். அவருடைய பழைய டி750 அதில் தடுமாறும். மனைவியின் வளையல்களை அடகு வைத்த பணம் கையில். "எஃப்டிஇஸட் வளையம் போட்டால் உங்கள் பழைய லென்ஸ் எல்லாம் ஓடும், பாய்சாப்" என்றார் கடைக்காரர்.

லென்ஸ் பொருந்தும், படமும் விழும். ஆனால் நண்பரின் பிழைப்பே இரண்டு லென்ஸ்களில் இருந்தது: 50 மி.மீ. எஃப் 1.8டி, ஒரு பழைய 80-200. இரண்டிலும் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. டி750இன் உடலுக்குள் இருக்கும் மோட்டார்தான் ஒரு திருகு வழியாக அவற்றைச் சுழற்றி வந்தது. எஃப்டிஇஸட் வளையத்தில் அந்தத் திருகு இல்லை. லென்ஸ்களைப் பையில் எடுத்துப் போயிருந்ததால் கடையிலேயே மாட்டிப் பார்த்தார். கையால் திருகினால் ஃபோகஸ் ஆகிறது, பித்தானை அழுத்தினால் ஒன்றும் அசையவில்லை. தாலி கட்டும் நொடியில் கையால் திருகிக்கொண்டிருக்க முடியுமா?

நிக்கான் 1959இல் போட்ட எஃப் மவுன்ட்டை இழுத்துப் பிடித்துக் காப்பாற்றியதன் விலை இது. கேனான் 1987இல் பழைய மவுன்ட்டைத் தூக்கி எறிந்து இஎஃப் வரிசையைத் தொடங்கியபோது அதன் வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். ஆனால் இஎஃப் லென்ஸ்களில் மோட்டார் உள்ளேயே இருந்ததால், இன்று ஒரு வளையத்தைப் போட்டு ஆர் கேமராவில் மாட்டினால் ஃபோகஸ் தானாகவே நடக்கிறது. அன்று திட்டு வாங்கிய முடிவு இன்று கைகொடுக்கிறது. (நிக்கானிலும் மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் லென்ஸ்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.)

நண்பர் கடைசியில் புத்தம் புது மாடலை விட்டுவிட்டு முந்தைய இஸட்6 II-ஐ எடுத்தார். மிச்சமான பணம் இஸட் வரிசையின் 50 மி.மீ. எஃப் 1.8க்குப் போனது. 80-200 டி750இலேயே தங்கிவிட்டது, இரண்டாவது கேமராவாக. கூடவே நான்கு பாட்டரிகள். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: நிறுவனக் கணக்குப்படி டி750 ஒரு சார்ஜில் 1,230 படம் எடுக்கும், முதல் இஸட்6 எடுப்பது 310. நடைமுறையில் அதைவிடக் கூடுதலாக வரும் என்றாலும் காலைச் சடங்கிலிருந்து ரிசப்ஷன் வரை ஒரு பாட்டரி தாங்காது.

லென்ஸ் வகைகளில் சோனி முன்னிலையில் இருப்பதற்கு நல்ல காரணம் உண்டு. தன் இ மவுன்ட்டின் விவரங்களை 2011இலேயே மற்ற நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. சிக்மாவும் டாம்ரானும் வரிசையாகச் செய்து தள்ளின. கேனானின் ஆர்எஃப்புக்கு அவை முறையான அனுமதியோடு லென்ஸ் அறிவிக்க 2024 ஆயிற்று, அதுவும் சின்ன சென்சாருக்கு. கைவிடப்பட்ட குடும்பங்களும் உண்டு. 2011இல் வந்த நிக்கான் 1, 2018இல் முடிந்தது. கேனானின் இஓஎஸ் எம் லென்ஸ்கள் இன்றைய ஆர் கேமராவில் பொருந்தா. பழைய சந்தையில் இவை கொள்ளை மலிவாகக் கிடைக்கும்போது இதை நினைத்துக்கொள்ளவும்.

கடையில் கவனிக்க இன்னும் சில. வெயிலில் படமெடுக்கிறவர் கண் வைத்துப் பார்க்கும் துளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிக்கான் இஸட்30, சோனி இஸட்வி-இ10 இரண்டிலும் அது இல்லை. நடுப்பகலில் பின்திரையில் உங்கள் முகம்தான் தெரியும். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி உடலுக்குள் இருக்கிறதா என்பதும் முக்கியம்: கேனான் ஆர்7இல் உண்டு, ஆர்10இல் இல்லை. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரைக் கடையின் எல்இடி விளக்குக்கு அடியிலேயே போட்டுப் பாருங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மட்டமான விளக்குகள் விநாடிக்கு நூறு முறை துடிக்கும். வேகமான ஷட்டரில் படத்தின் குறுக்கே வரி வரியாக விழுந்தால் உங்கள் ஊர் மண்டபத்திலும் விழும்.

சொந்த மெமரி கார்டைக் கொண்டுபோய், லென்ஸை முழுக்கத் திறந்து நான்கு மூலைகளும் தெரிய ஒரு சுவரை எடுத்து, வீட்டுக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்த பிறகு பணம் கொடுக்கலாம். இரண்டாம் கை லென்ஸானால் ஒரு டார்ச்சும் வேண்டும். மும்பை, கொச்சி, கொல்கத்தாவிலிருந்து வரும் லென்ஸ்களின் உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சணம் தெரிந்தால், பாதி விலை என்றாலும் வேண்டாம்.

பில் இல்லாமல் தருவதாகச் சொல்லும் விலை கவர்ச்சியாக இருக்கும். 2019 ஜனவரி முதல் டிஜிட்டல் கேமராவுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் (அதற்கு முன் 28). அந்தப் பதினெட்டைத்தான் கடைக்காரர் கண்ணில் காட்டுகிறார். ஜிஎஸ்டி பதிவுள்ள ஸ்டூடியோக்காரருக்கு பில் இருந்தால் அந்த வரி வரவாகத் திரும்பும். பதிவில்லாதவருக்கும் கேமராவின் சீரியல் நம்பர் எழுதிய பில்லும் இந்திய வாரன்டி அட்டையும் வேண்டும். கடையை விட்டு இறங்குவதற்கு முன்பு, கேமராவின் அடிப்பக்கத்தில் உள்ள எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.