எந்தக் கலம் பலவீனம் என்று அறியும் உரிமை

மின்சார மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரிடம் இன்று அதிகம் புழங்கும் நோயறிதல் இரண்டே சொற்களில் முடிந்துவிடுகிறது: "பேட்டரி போச்சு." இந்தி பேசும் ஊர்களில் இதையே "பேட்டரி பைட் கயீ" என்கிறார்கள், அங்கே பேட்டரி போவதில்லை, உட்கார்ந்துவிடுகிறது. வினை மாறினாலும் எழுவாய் மாறுவதில்லை. இரு மொழிகளிலும் பழுதானது முழு பேட்டரிதான். அச்சொல்லின் வரலாறோ வேறு. 1749இல் பெஞ்சமின் பிராங்க்ளின், ஒன்றோடொன்று இணைத்த லெய்டன் ஜாடிகளின் வரிசையைக் குறிக்க, பீரங்கி வரிசைக்கு வழங்கிய சொல்லை எடுத்துக்கொண்டார். பேட்டரி என்பது பிறப்பிலேயே ஒரு கூட்டத்தின் பெயர். தமிழ்ப் பாடநூல்கள் மின்கலம் என்றும் மின்கல அடுக்கு என்றும் பிரித்துச் சொல்லித்தருவதும் இதைத்தான். வகுப்பறையில் கற்பிக்கப்படும் இவ்வேறுபாடு சர்வீஸ் சென்டரின் வாசலில் மறைந்துபோகிறது. அதற்கான விலையை வண்டியின் உரிமையாளர் கொடுக்கிறார்.

எவ்வளவு விலை என்பதை ஓர் எளிய கணக்கால் பார்க்கலாம். 72 வோல்ட், 45 ஆம்பியர்-மணி கொண்ட ஓர் அடுக்கைக் கற்பனை செய்துகொள்வோம். 3 ஆம்பியர்-மணி கொள்ளும் சிறு உருளைக் கலங்கள் பதினைந்தைப் பக்க இணைப்பில் சேர்த்தால் ஒரு தொகுதி. அத்தகைய 20 தொகுதிகளைத் தொடராக இணைத்தால் அடுக்கு முழுமையாகிறது. மொத்தம் 300 கலங்கள், 3.24 கிலோவாட்-மணி. இவற்றுள் ஒரே தொகுதியைச் சேர்ந்த ஐந்து கலங்கள் செயலிழந்தால் அத்தொகுதியின் கொள்ளளவு 30 ஆம்பியர்-மணியாகச் சுருங்குகிறது. தொடர் இணைப்பில் எல்லாத் தொகுதிகளின் வழியாகவும் ஒரே மின்னோட்டம்தான் பாயும். எனவே அந்தத் தொகுதி காலியானதும், மற்ற பத்தொன்பதிலும் மூன்றில் ஒரு பங்கு மின்னூட்டம் மிச்சமிருக்க, மேலாண்மைச் சுற்று வண்டியை நிறுத்திவிடும். 300இல் ஐந்து என்பது இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. இழந்ததோ பயணத் தொலைவில் மூன்றில் ஒரு பங்கு. 90 கிலோமீட்டர் ஓடிய வண்டி 60இல் நின்றுவிடுகிறது. மேலும் அத்தொகுதியில் எஞ்சிய பத்துக் கலங்கள் பதினைந்தின் சுமையைத் தாங்குவதால் அவையும் விரைந்து மூப்படைகின்றன. சில மாதங்களில் 60 என்பது 45 ஆகலாம். பொருள்களை வீடுவீடாகக் கொண்டுசேர்த்துப் பிழைப்பவர் ஒருவருக்கு அது அரை நாள் கூலி.

இந்தச் சிக்கல் புதிதன்று. ஈய-அமில பேட்டரிக் காலத்திலும் ஆறு கலங்களில் ஒன்று கெட்டு வண்டி கிளம்பாமல் நின்றதுண்டு. அன்று சாலையோரக் கடைக்காரர் ஆறு மூடிகளைத் திறப்பார். ஒவ்வொன்றிலும் ஹைட்ரோமீட்டரை விட்டு உறிஞ்சுவார். ஐந்து கலங்களில் அமிலத்தின் ஒப்படர்த்தி 1.26க்கு மேல் நின்று ஒன்றில் மட்டும் 1.15 என்றால், எந்தக் கலம் என்பது உரிமையாளரின் கண்ணெதிரே தெரிந்துவிடும். பட்டம் தேவைப்படவில்லை, கடவுச்சொல் தேவைப்படவில்லை. லித்தியம் அடுக்கில் இந்த அளவீடு இன்னும் எளிது. ஏனெனில் அளக்கும் கருவி உள்ளேயே இருக்கிறது. பட்டறை வழக்கில் பி.எம்.எஸ். எனப்படும் மேலாண்மைச் சுற்று இருபது தொகுதிகளின் மின்னழுத்தத்தையும் இடைவிடாமல் அளந்துகொண்டே இருக்கிறது. அளக்காவிட்டால் அதனால் வண்டியைக் காக்க முடியாது. ஆயினும் உரிமையாளரின் திரையும் செயலியும் பொதுவாகக் காட்டுபவை மின்னூட்ட விழுக்காடும் மீதித் தொலைவும் மட்டுமே. இருபது எண்கள் ஒரே எண்ணாக உருக்கப்பட்டுவிடுகின்றன.

அந்த இருபது எண்கள் எவ்வளவு பேசக்கூடியவை என்பதை அறியாதவரே அவற்றை மறைப்பதைச் சிறு குறையாகக் கருதுவர். ஒரு தொகுதி முழு மின்னூட்டத்தில் மற்றவற்றோடு 4.15 வோல்ட்டில் நின்று, பயண முடிவில் மற்றவை 3.55இல் இருக்கத் தான் மட்டும் 3.0க்கு வீழ்ந்தால், அது கொள்ளளவை இழந்திருக்கிறது. மின்னேற்றும்போது அதுவே முதலில் மேலேறுவதும் அதை உறுதிசெய்யும். முழு நிலையிலும் காலி நிலையிலும் ஒருசேரத் தாழ்ந்திருந்தால் கதை வேறு: கலம் நலமாகவே இருக்கலாம், சமநிலை மட்டும் குலைந்திருக்கலாம். வண்டியை ஒரு வாரம் நிறுத்திவைத்த பிறகு அந்தத் தொகுதி மட்டும் மீண்டும் சரிந்தால், உட்கசிவு இருக்கிறது என்று பொருள். அத்தகைய வண்டியை அதற்குமேல் ஓட்டவும் கூடாது, வீட்டுக்குள் வைத்து மின்னேற்றவும் கூடாது. ஆக்சிலரேட்டரைத் திருகும்போது சரிந்து, விட்டவுடன் மீள்கிற தொகுதியில் மின்தடை கூடியிருக்கிறது. கலங்கள் மூத்திருக்கலாம், அல்லது நிக்கல் பட்டையின் வெல்டிங் விட்டிருக்கலாம்.

நான்காவது வகை ஒன்றுண்டு. அடுத்தடுத்த இரு தொகுதிகளில் ஒன்று எவ்வளவு உயர்ந்து தெரிகிறதோ அதே அளவு மற்றொன்று தாழ்ந்து தெரியும். இரண்டின் கூட்டுத்தொகை மட்டும் சரியாக இருக்கும். இங்கே கலங்களில் குறையே இல்லை. இரண்டுக்கும் நடுவிலிருந்து சுற்றுக்குச் செல்லும் மெல்லிய அளவுக் கம்பியோ அதன் முனையோ பழுதாகியிருக்கிறது. மல்டிமீட்டர் வைத்து நேரடியாக அளந்தால் உறுதியாகிவிடும். நலமான 300 கலங்களை ஒரு கம்பிக்காகக் கழிவில் தள்ளுவதையும் "பேட்டரி போச்சு" என்ற அதே சொற்றொடர்தான் நியாயப்படுத்துகிறது.

கலத்தின் வேதியியலுக்கேற்ப வாசிப்பும் மாறும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் கலங்களில், மின்னூட்டத்தின் பெரும்பகுதி முழுவதும் மின்னழுத்தம் ஏறத்தாழ 3.3 வோல்ட்டிலேயே தட்டையாக நிற்கும். பாதி மின்னூட்டத்தில் அளந்துவிட்டு எல்லாம் சமம் என்று சொல்வதற்கு அங்கே மதிப்பில்லை; இரு முனைகளில்தான் உண்மை தெரியும். சமநிலைப்படுத்தலைப் பற்றிய மிகை நம்பிக்கையும் களையப்பட வேண்டியது. பல அடுக்குகளில் அது மின்தடை வழியாகச் சிறு மின்னோட்டத்தை வீணாக்கும் முறைதான், அதுவும் மின்னேற்றத்தின் உச்சியில் மட்டும். 50 மில்லிஆம்பியரில் 5 ஆம்பியர்-மணி வேறுபாட்டைச் சரிசெய்ய 100 மணி நேரம் ஆகும். மதிய இடைவேளையில் பாதி ஏற்றிக்கொண்டு ஓடுபவரின் வண்டி அந்த உச்சியைத் தொடுவதே அரிது. ஆகவே அவருடைய அடுக்கின் சமநிலை குலைவது அவருடைய கவனக்குறைவால் அன்று, வேலையின் இயல்பால். தில்லியின் மே மாத வெயிலும் எல்லாக் கலங்களையும் சமமாகச் சுடுவதில்லை: நடுவில் நெருக்கமாக அமர்ந்தவை வெப்பத்தை விரைவில் இழக்க முடியாமல் ஓரத்துக் கலங்களுக்கு முன்பே தளர்கின்றன.

எண்களைத் திறந்துவிடுவதற்கு எதிராக முன்வைக்கப்படும் வாதம் பாதுகாப்பு. அது இலேசானதன்று. 2022 மார்ச், ஏப்ரல் மாதங்களில் நாட்டின் பல இடங்களில் மின்சார ஸ்கூட்டர்கள் தீப்பற்றின, உயிர்களும் போயின. அதன்பின்னரே ஏ.ஐ.எஸ்.-156 தரநிலை திருத்தப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தது. முழு மின்னூட்டத்தில் 84 வோல்ட்டைத் தொடும் ஓர் அடுக்கை மொட்டைக் கையோடும் மோதிரத்தோடும் திறப்பது ஆபத்து. கலத்தின் மீது நேராகச் சால்டரிங் வைப்பது ஆபத்து. பழைய தொகுதியில் ஒரே ஒரு புதுக் கலத்தைச் செருகுவது பயனற்றது. கொள்ளளவும் மின்தடையும் ஒத்த கலங்களால் தொகுதி முழுவதையும் மாற்றி ஸ்பாட் வெல்டிங் செய்வதே முறை, அதுவும் அதற்குரிய கருவியும் பயிற்சியும் உள்ள இடத்தில். இவை அனைத்தும் அடுக்கைத் திறப்பது குறித்த எச்சரிக்கைகள். எண்களைப் படிப்பது குறித்தவை அல்ல. படிப்பதற்கு ஒரு திருகாணியைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை. இன்னும் சொன்னால், படிக்க வழியில்லாததால்தான் மெக்கானிக் மூடியைப் பிரிக்கிறார். இருபது எண்களைத் திரையில் காட்டியிருந்தால் அவற்றில் பாதி பெட்டிகள் திறக்கப்பட்டிருக்கவே மாட்டா. பாதுகாப்பின் பெயரால் தகவலைப் பூட்டுவது, தவிர்க்க நினைத்த ஆபத்தையே அழைத்துவருகிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய மின்கல ஒழுங்குமுறை இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டிருக்கிறது. வாகன மின்கல அடுக்கின் ஆரோக்கியத்தையும் எஞ்சிய ஆயுளையும் கணிக்க உதவும் தரவுகளை, மாற்ற இயலாத, படிக்க மட்டுமேயான வகையில், உரிமையாளருக்கும் அவர் சார்பில் செயல்படுவோருக்கும் தர வேண்டும் என்ற கடமை 2024 ஆகஸ்ட் முதல் நடப்பில் உள்ளது. இலகு வாகனங்களின் 25 கிலோவுக்கு மிகாத அடுக்குகளில் தனிக் கலங்களைக்கூடச் சுதந்திரமான தொழில்வல்லுநர் கழற்றி மாற்ற இயல வேண்டும் என்ற விதி 2027 பிப்ரவரியில் வருகிறது. இந்தியாவிலும் துண்டுகள் எல்லாம் இருக்கின்றன. 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட பழுதுபார்ப்பு உரிமைக்கான அரசு இணையதளம் வாகனங்களையும் உள்ளடக்கியது. அதே ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் கழிவை மட்டுமன்றிப் புதுப்பித்தலையும் பேசுகின்றன. எந்தக் கலம் நலம், எது பலவீனம் என்று சொல்லாத பெட்டியை யார் எப்படிப் புதுப்பிப்பது என்ற கேள்வி மட்டும் இடையில் விழுந்துவிட்டது.

பொதுப்பணத்தின் கோணத்திலும் இது விளக்கம் கேட்கிறது. இருசக்கர மின்வாகனங்களுக்கான ஒன்றிய அரசின் மானியம் கிலோவாட்-மணிக் கணக்கில் தரப்படுவது: ஃபேம் இரண்டாம் கட்டத்தில் ஒரு கட்டத்தில் கிலோவாட்-மணிக்கு 15,000 ரூபாய் வரை உயர்ந்தது, 2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் 5,000 ரூபாயாகத் தொடங்கியது. கொள்ளளவை அளந்து பணம் தரும் அரசு, அந்தக் கொள்ளளவு மூன்றாம் ஆண்டில் எவ்வளவு எஞ்சியது என்று அளக்கும் உரிமையைப் பணம் பெற்றவரிடமிருந்து கேட்டு வாங்கித் தரவில்லை. உத்தரவாதக் காலத்தில் தகராறு எழுந்து நுகர்வோர் ஆணையத்தின் முன் நின்றாலும், சான்று எதிர்த்தரப்பின் சர்வரில் இருக்கிறது.

இழப்பு உரிமையாளருக்கு மட்டுமன்று, பல்கலைக்கழகங்களுக்கும் உண்டு. மின்கல ஆரோக்கியத்தைக் கணிக்கும் வழிமுறைகள் பற்றி இந்தியப் பொறியியல் துறைகளில் எழுதப்படும் கட்டுரைகள் பலவும், நாசா ஏம்ஸ் ஆய்வகம் வெளியிட்ட தரவுத்தொகுப்பையோ மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் தரவையோ எடுத்தாள்கின்றன. நாசா தொகுப்பில் அதிகம் ஆளப்படும் கலங்கள் 24 பாகை அறை வெப்பத்தில், ஆய்வக மேசையில் மூப்படைந்தவை. பள்ளத்தில் இறங்கி ஏறி, 45 பாகை வெயிலில் நின்று, பாதி மின்னேற்றத்தில் ஓடும் இந்தியக் கலங்களின் வாழ்வு எந்த ஆய்வாளரின் கைக்கும் எளிதில் எட்டுவதில்லை. உரிமையாளர் விரும்பினால் தம் தரவை ஒரு கல்லூரிக்கு அளிக்கலாம் என்ற நிலை வந்தாலே, இங்கே எழுதப்படும் ஆய்வேடுகளின் அடித்தளம் மாறும்.

கேட்க வேண்டியது பெரிதன்று. ஒவ்வொரு தொகுதியின் மின்னழுத்தம், வெப்ப உணரிகளின் அளவு, சுழற்சி எண்ணிக்கை, பதிவான பிழைக் குறிகள். இவை படிக்க மட்டுமேயான வடிவில், பொதுவான இணைப்பான் வழியாக. இவற்றைத் தருவதால் எந்த நிறுவனத்தின் வழிமுறை ரகசியமும் வெளிப்படாது. சட்டம் வரும்வரை சர்வீஸ் சென்டரில் கேட்கத்தக்க ஒன்றுண்டு. வண்டியை முழுதாக மின்னேற்றிச் சில மணி நேரம் ஓய்வில் வைத்தபின் எடுத்த மிக உயர்ந்த, மிகத் தாழ்ந்த தொகுதி மின்னழுத்தங்களையும், மின்னூட்டம் ஏறத்தாழத் தீர்ந்த நிலையில் எடுத்த அதே இரண்டையும், தொகுதி எண்ணோடு ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லலாம். அங்குள்ள கணினியில் அவை இருக்கின்றன. எழுத மறுத்தால், மறுத்ததையும் அதே அட்டையில் தேதியோடு எழுதித் தரச் சொல்லலாம்.