ஒரு கதவும் ஒரு தாழ்ப்பாளும்

சில மாதங்களுக்கு முன்னர் லண்டனின் வடமேற்குப் பகுதியிலுள்ள ஒரு மண்டபத்தில் உறவினர் வீட்டுத் திருமணம். எண்பது வயதைக் கடந்த என் தாயாரை அழைத்துச் சென்றிருந்தேன். அண்மைக் காலமாக அவருக்கு மறதி நோய். தனியே எங்கும் விட இயலாது. பந்தி நடந்துகொண்டிருந்தபோது மலசலகூடம் போகவேண்டும் என்றார். ஒரு கதவில் ஆண் படம். மற்றையதில் பெண் படம். அம்மாவுடன் நான் எதற்குள் நுழைவது?

சக்கர நாற்காலிப் படம் பொறித்த மூன்றாவது கதவும் இருந்தது. ஆறுதலோடு அதைத் திறந்தேன். உள்ளே கூரை மட்டும் கதிரைகளும் சோடாப் பெட்டிகளும் அடுக்கப்பட்டிருந்தன.

முன்பின் அறியாத ஒரு பெண்பிள்ளையிடம் அம்மாவை ஒப்படைத்துவிட்டு வெளியே நின்றேன். "தம்பி, பொம்பிளையள் போற வாசலிலை என்ன செய்யிறியள்?" என்று ஒரு மூதாட்டி கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. அதற்குள் அம்மா தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத் திறக்கத் தெரியாமல் அழும் குரல் கேட்டது. அந்த ஐந்து நிமிடங்களை நான் இன்னும் மறக்கவில்லை.

இருபாலார்க்கும் பொதுவான மலசலகூடம் என்ற பேச்சு எழுந்தாலே எம்மவரில் பலர் முகம் சுளிக்கின்றனர். 'இது வெள்ளையரின் புதுப் பழக்கம்' என்று ஒதுக்கிவிடுகின்றனர். உண்மையில் இது புதிதன்று. எம் ஒவ்வொருவர் வீட்டிலும் இருப்பது அதுவே. விமானத்திலும் அதுவே. இந்நாட்டுச் சட்டத்திலும் அதற்கு நெடுங்காலமாக இடமுண்டு. 1992ஆம் ஆண்டின் வேலைத்தல விதிகள், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி மலசலகூடங்கள் வேண்டும் என்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் உள்ளிருந்து பூட்டக்கூடிய தனி அறையாக இருந்தால் அப்பிரிவினை தேவையில்லை என்றும் அவ்விதிகளே கூறுகின்றன. ஐந்து பேர் வரை வேலை செய்யும் கடைக்கு ஒன்று போதும். ஆறு முதல் இருபத்தைந்து பேர் வரை எனில் இரண்டு வேண்டும் என்பது வழிகாட்டல்.

2024 ஒக்டோபர் 1ஆந் திகதி முதல் இங்கிலாந்தில் மேலும் ஒரு கட்டட விதி நடைமுறைக்கு வந்துள்ளது. புதிதாகக் கட்டப்படும் அல்லது பெருமளவில் திருத்தி அமைக்கப்படும் உணவகம், அலுவலகம், கடைத்தொகுதி முதலியவற்றில் ஆண், பெண் என்று தனித்தனி வசதி இருத்தல் வேண்டும். இடம் இருப்பின் அவற்றோடு பொது அறைகளையும் சேர்க்கலாம். தனித்தனியே அமைக்க இடம் போதாவிடின் பொது அறைகளை மட்டும் அமைக்கலாம். ஆனால் அந்தப் பொது அறை எத்தகையது என்பதே முக்கியம். ஒருவர் மட்டும் பயன்படுத்தும் முழு அறை. உள்ளேயே கை கழுவும் தொட்டி, கை உலர்த்தும் வசதி. ஸ்கொத்லாந்துக்கும் வேல்ஸுக்கும் இவ்விதி இல்லை.

அமெரிக்க நகரங்கள் வேறு வழியில் சென்றன. நியூயோர்க் நகரம் 2016இல் ஒரு சட்டம் இயற்றி, 2017 ஜனவரி 1 முதல், ஒருவர் மட்டும் பயன்படுத்தும் மலசலகூடங்களில் ஆண், பெண் என்ற அடையாளத்தை எடுத்துவிடச் சொன்னது. கலிபோர்னியா மாநிலமும் அதே ஆண்டு மார்ச் 1 முதல் அவ்வாறே செய்தது. புதிதாக அறை கட்டத் தேவையில்லை. கதவிலுள்ள பலகையை மாற்றினால் போதும். வழிகள் வேறாயினும் தாழ்ப்பாள் உள்ள தனி அறையை எவரும் பயன்படுத்தலாம் என்பதில் எல்லா விதிகளும் ஒன்றுபடுகின்றன.

எம் பெண்களின் அச்சத்தையும் நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டுப் பெயர்ந்து தென்மராட்சிப் பாடசாலைகளில் தங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள். இருள் சூழும் வரை பொறுத்திருந்த பெண்களின் துன்பம் அவர்களுக்குத் தெரியும். மேலும் கீழும் இடைவெளி விட்ட தடுப்புகள் வரிசையாக உள்ள ஓர் அறையில், கதவுப் பலகையை மட்டும் மாற்றி 'இது எல்லோருக்கும்' என்று எழுதினால் பெண்கள் தயங்குவது நியாயமே. பலகையை மாற்றுவது வேறு. அறையைச் சரியாக அமைப்பது வேறு.

2025 ஏப்ரல் 16ஆந் திகதி இந்நாட்டின் உச்ச நீதிமன்றம், 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில் 'பெண்' என்பது உயிரியல் அடிப்படையிலான பாலையே குறிக்கும் எனத் தீர்ப்பளித்தது. திருநங்கையர், திருநம்பியர் ஆகியோரைப் பாகுபாட்டிலிருந்து காக்கும் பிரிவு தொடர்கிறது என்றும் அத்தீர்ப்பு கூறியது. அதன் பின்னர், யார் எந்தக் கதவால் நுழையலாம் என்ற வாதம் ஓங்கி ஒலிக்கிறது. எம் குடும்பங்களிலும் அத்தகைய பிள்ளைகள் உள்ளனர் என்பதை நாம் வெளியில் சொல்வதில்லை. நாள் முழுதும் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டு வீடு திரும்பும் பிள்ளையின் நிலை, அன்று மண்டபத்தில் என் தாயார் நின்ற நிலையிலிருந்து பெரிதும் வேறுபட்டதா? தனி அறை ஒன்று இருந்தால் எவரும் எவரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. சிறு மகளுடன் வரும் தந்தைக்கும், நோயுற்ற கணவரைத் தாங்கி வரும் மனைவிக்கும் அதே அறை உதவும்.

இந்நாட்டு நகரசபைகளுக்குப் பொது மலசலகூடம் அமைக்கும் அதிகாரம் உண்டு, கட்டாயம் இல்லை. ஆகவே பல மூடப்பட்டுவிட்டன. ஆனால் உள்ளே இருந்து உண்ணும் உணவகங்களுக்கு மலசலகூடம் அமைக்குமாறு கட்டளையிட, 1976ஆம் ஆண்டுச் சட்டம் நகரசபைக்கு அதிகாரம் அளிக்கிறது. புதிதாகக் கடை திறப்போர், கட்டடக்காரருடன் விலை பேசும் முன்னரே நகரசபையின் கட்டடப் பிரிவில் கேட்டறிதல் நன்று. சுவர் எழுப்பிய பின் இடிப்பது இருமடங்கு செலவு.

முதியோரைப் பராமரிப்போருக்கு ஒரு குறிப்பு. 'ரேடார் திறப்பு' என்று ஒன்று உண்டு. 1981இல் தொடங்கிய திட்டத்தின்படி, மாற்றுத்திறனாளிகளுக்கென நாடெங்கும் பூட்டி வைக்கப்பட்டுள்ள பல மலசலகூடங்களை அத்திறப்பினால் திறக்கலாம். நான் ஒன்று வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். தாயுடன் மகன் உள்ளே செல்வதை அங்கு எவரும் கேள்வி கேட்பதில்லை.

மண்டபங்களையும் கோயில்களையும் நடத்தும் பெரியோர்களே, உங்களிடம் கேட்பது பெரிய காரியம் அன்று. புதிதாக ஒரு கல்லும் வைக்க வேண்டாம். அந்த மூன்றாவது கதவைத் திறந்து பாருங்கள். கதிரைகளுக்கு வேறிடம் தேடுங்கள். தாழ்ப்பாள் சரியாக வேலை செய்கிறதா, அவசரம் என்றால் வெளியிலிருந்து திறக்க முடிகிறதா என்று பாருங்கள். அடுத்த திருமணத்திற்கு அம்மா வருவதாக இருந்தால், நான் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.