காதுக்குள் நுழையாத பாம்பு



மழை விட்ட ஒரு காலையில், மாணவர்கள் பள்ளிக்கூடத்துப் பூச்சட்டிகளை நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தார்கள். "சார், மண்புழு நாக்கை நீட்டுது!" என்று மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் கூவினான். நல்ல கண் அவனுக்கு. அது மண்புழு அல்ல; புழுப்பாம்பு. அதற்குள், பிள்ளைக்குச் சாப்பாடு கொண்டுவந்த தாயார் ஒருவர், "காதுக்குள்ள பூந்திடும், தள்ளி நில்லுங்கடா!" என்று பதறிப்போய்ச் செருப்பால் அதை நசுக்கிவிட்டார்.

அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். சிறுவயதில் இதற்குப் பயந்து காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்தவன்தான் நானும். ஆனால் புழுப்பாம்புக்கு விஷம் கிடையாது. வளர்ந்தாலும் ஒரு சாணைத் தாண்டாது. நம்மைக் கடிக்கும் அளவுக்கு அதற்கு வாயும் இல்லை. பிடித்தால் வால் நுனியிலுள்ள சிறு முள்ளால் குத்திப் பார்க்கும்; அதனால் ஒன்றும் ஆகாது. கண்கள் செதிலுக்கடியில் இரண்டு கரும்புள்ளிகள். வெளிச்சமா இருட்டா என்று அறியும், அவ்வளவே. அது தேடுவது நம் காதை அல்ல. கறையான், எறும்பு இவற்றின் முட்டைகளையும் புழுக்களையும்தான். பூச்சட்டி, வாழையடி, மக்கிய கட்டை, இவைதாம் அதற்கு வீடு. மண்ணில் நீர் நிறைந்தால் மேலே வரும். மழைக்குப் பின் குளியலறையில் அதைக் காண்பது அதனால்தான்.

இந்த இனத்தில் ஆணே இல்லை என்றால் நம்புவீர்களா? எல்லாம் பெண். தாய் தனித்தே முட்டையிட்டுத் தன்னைப் போன்ற பெண் குஞ்சுகளைப் பெறும். ஆகவே சட்டி மண்ணில் ஒன்றே ஒன்று ஒளிந்து போனாலும், போன இடத்தில் குடும்பம் பெருகிவிடும். 1930-இல் ஹவாய்த் தீவுக்கு அப்படித்தான் போய்ச் சேர்ந்தது, பிலிப்பைன்ஸிலிருந்து சென்ற பனைச் செடிகளின் மண்ணோடு. இதன் பூர்வீகம் தென்னிந்தியாவும் இலங்கையும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நம் பாட்டன்மாரைப் போல அதுவும் கப்பலேறிய கூட்டம்தான்!

பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு, மெலிந்த பாம்பையெல்லாம் கையில் எடுக்கலாகாது. நம் நாட்டுப் பவளப் பாம்பும் மெலிந்ததே; உதிர்ந்த இலைகளுக்கடியில் கிடக்கும்; கடும் விஷமுள்ளது. புழுப்பாம்பு உடல் முழுதும் ஒரே கறுப்பாகவோ பழுப்பாகவோ பளபளக்கும். தலை எது வால் எது என்று சட்டென்று தெரியாது. உடலில் கோடோ, தலையிலும் வாலிலும் சிவப்போ தெரிந்தால் எட்டி நின்று பெரியவர்களைக் கூப்பிடுங்கள்.

தாய்மார்களே, குளியலறையில் புழுப்பாம்பைக் கண்டால் சுடுநீரை எடுக்காதீர்கள். பால் டின்னில் மண்ணோடு அள்ளி, வாழையடியில் விட்டுவிடுங்கள்.