சுடும் தார்ச்சாலையும் செருப்புத் தடையும்

வானிலை மையம் அறிவிப்பது நிழலின் வெப்பநிலை. தரைக்குச் சுமார் நான்கடி மேலே, வெள்ளை வண்ணம் பூசிய மரப்பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானி அதை அளக்கிறது. செருப்பணியத் தடை விதிக்கப்பட்ட தெருவில் நடப்பவரின் பாதமோ தார்ப்பரப்பில் பதிகிறது. அந்த வெப்பத்தை எவரும் அறிவிப்பதில்லை.

அதை நாமே மதிப்பிடலாம். மேகமற்ற நண்பகலில் ஒரு சதுர மீட்டர் தரையில் ஏறத்தாழ 1,000 வாட் அளவுக்கு வெயில் விழுகிறது. புதிய தார்ச்சாலை அதில் 90 விழுக்காட்டுக்கும் மேல் உள்வாங்குகிறது. காற்று அடங்கிய பகலில், நிழல் வெப்பநிலையோடு 20 முதல் 25 டிகிரி வரை கூட்டினால் தோராயமான கணக்குக் கிடைக்கும். நிழலில் 38 டிகிரி செல்சியஸ் என்றால் சாலையில் ஏறத்தாழ 60. வெளிர்நிறச் சிமென்ட் தரை இதைவிடக் குறைவாகச் சுடும். மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் ஆகியோர் 1947இல் வெளியிட்ட ஆய்வின்படி, 44 டிகிரியில் தோல் வேகப் பல மணி நேரம் ஆகும். 60 டிகிரியில் சில நொடிகளே போதும். காய்த்துப்போன பாதம் சற்றுத் தாங்கலாம். குழந்தையின் பாதம் தாங்காது.

செருப்புத் தடை பழங்கதையன்று. திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டம் ராஜாவூரில் தலித் மக்கள் செருப்பணிந்து நடந்து அத்தடையை உடைத்தது 2023 டிசம்பரில்தான். பொது இடத்தில் செருப்பணிவதைத் தடுப்பது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(za) பிரிவின்படி குற்றம். 2015ஆம் ஆண்டுத் திருத்தம் இதைச் சேர்த்தது.

ஆயினும் இத்தடையை அவமதிப்பாக மட்டுமே பார்க்கும் வழக்கம் நம்மிடமும் உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 114ஆம் பிரிவு உடல்வலி விளைவிப்பதையே காயம் என்கிறது. 60 டிகிரித் தாரில் ஒருவரை வெறுங்காலோடு நடக்க வைப்பது அவர் உடலுக்கு இழைக்கும் தீங்கு என்று வாதிட இது இடம் தருகிறது.

அதற்குச் சான்று வேண்டும். அகச்சிவப்பு வெப்பமானியின் உமிழ்திறனை 0.95 என வைத்து, பிற்பகல் ஒரு மணி முதல் மூன்று மணிக்குள் தெருவின் பல இடங்களில் அளந்து, நேரத்தையும் நிழல் வெப்பநிலையையும் குறிப்போம். திரை தெரியும்படி படமெடுப்போம். சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழை இணைப்போம். புகார் மனுவில் சாதியின் பெயரோடு தெருவின் வெப்பமும் பதிவாகட்டும்.