செக்ரோலில் பேர் வெட்டிய பின் யார் பொறுப்பு?

தோட்டத்தில் வேலை செய்யும் வரை ஒரு தொழிலாளியை எல்லோருக்கும் தெரியும். காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுகிறார்கள். கொழுந்து நிறுக்கும்போது கிலோ எழுதுகிறார்கள். சம்பளத்தில் ஈ.பி.எப். பிடிக்கிறார்கள். நோர்ம் குறைந்தால் உடனே கேள்வி கேட்கிறார்கள். ஆனால் வயது போய், இடுப்பு வலித்து, வேலையை விட்டு நின்று, செக்ரோலில் பேர் வெட்டப்பட்ட மறுநாளிலிருந்து அதே மனிதர் எவருடைய கணக்கிலும் இல்லை. அவர் இருப்பது அதே லயம், அதே காம்பிரா. ஆனால் தோட்டக் காரியாலயம் "இனி அரசாங்கத்தைக் கேள்" என்கிறது. அரசாங்கக் காரியாலயம் "தோட்டத்தில் கேட்டுக் கடிதம் கொண்டு வா" என்கிறது.

இந்த இரண்டு கதவுகளுக்கும் நடுவில் எமது முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், விதவைகள், நீண்ட கால நோயாளர்கள் நின்று கொண்டிருக்கிறார்கள். சம்பளப் போராட்டம் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். சம்பளம் இல்லாதவர்களுக்காக அரசாங்கம் வைத்திருக்கும் சமூக சேவைகள் திணைக்களத்தைப் பற்றிப் பேசியது குறைவு. அந்தத் திணைக்களத்தின் வேலை தோட்ட லயம் வரை வந்து சேர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கோரிக்கை.

முதலில் ஒரு சொல்லைத் தூக்கி எறிவோம். வறியவர்களுக்கான மாதாந்த உதவிப் பணத்தைச் சிங்களத்தில் பின்படி என்றும், நாட்டின் பல பகுதிகளில் தமிழில் பிச்சைச் சம்பளம் என்றும் சொல்லிப் பழகிவிட்டார்கள். அந்தப் பணம் யாருடைய வீட்டுப் பெட்டியிலிருந்தும் வருவதில்லை. கடையில் வாங்கும் சீனியிலிருந்து சவர்க்காரம் வரை நாம் கட்டும் வரியும், எமது கைகள் பறித்த கொழுந்து கப்பலேறிச் சம்பாதித்த வெளிநாட்டுச் செலாவணியும் சேர்ந்த பொதுப் பணம் அது. நாற்பது வருடம் மலை ஏறி இறங்கிய ஒரு அம்மா அதைக் கேட்கும்போது தலை குனிய வேண்டியதில்லை.

இந்தப் பிரச்சினைக்கு ஒரு சரித்திரம் உண்டு. சமூக சேவைகள் திணைக்களம் 1948இல் ஆரம்பிக்கப்பட்டது. அதே 1948இல்தான் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. ஏழைகளைக் கவனிக்க ஒரு திணைக்களத்தை நாடு திறந்த அந்த வருடத்திலேயே, மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோர் நாட்டின் பிரஜைகள் என்ற கணக்கிலிருந்து வெளியே தள்ளப்பட்டார்கள். தோட்ட மக்களின் ஆஸ்பத்திரி, பிள்ளைக் காம்பிரா, வீடு, தண்ணீர் எல்லாம் துரையின் பொறுப்பு, அரசாங்கத்துக்குச் சம்பந்தமில்லை என்ற நிலை அதற்கு முன்பே வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இருந்தது. பிரஜாவுரிமை போனதும் அது இன்னும் இறுகிப் போனது.

பிரஜாவுரிமைப் பிரச்சினை 1988, 2003 ஆகிய வருடங்களின் சட்டங்களால் தீர்க்கப்பட்டது. ஆனால் காரியாலயங்களின் பழக்கம் அவ்வளவு இலகுவில் மாறவில்லை. 1987ஆம் வருடத்துப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் காணிக்குள் பிரதேச சபை தன் பணத்தைச் செலவிடத் தடையாக இருந்தது. அந்தப் பிரிவைத் திருத்த 2018 வரை காத்திருக்க வேண்டி வந்தது. முப்பது வருடம் நாம் வாக்களித்துத் தெரிவு செய்த சபையே எமது லயத்துப் பாதைக்கு ஒரு கூடை கல் போட முடியாமல் இருந்தது என்றால், மற்றக் காரியாலயங்களின் மனநிலையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

இன்று சட்டப்படி எந்தத் தடையும் இல்லை. பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தர் இருக்கிறார். முதியோர், சிறுவர், பெண்கள் ஆகியோரின் விடயங்களுக்கென்றும் உத்தியோகத்தர்கள் நியமிக்கப்படுகிறார்கள். மத்திய அரசின் சமூக சேவைகள் திணைக்களம் ஒன்று. 13ஆவது திருத்தத்தின் பின் மாகாண சபையின் கீழ் வந்த திணைக்களம் இன்னொன்று. மாற்றுத்திறனாளிகளைப் பாதுகாக்க 1996இன் 28ஆம் இலக்கச் சட்டமும், முதியோர் உரிமைகளைப் பாதுகாக்க 2000இன் 9ஆம் இலக்கச் சட்டமும் உள்ளன. 60 வயது கடந்தவருக்கு முதியோர் அடையாள அட்டை உண்டு. சக்கர நாற்காலி, ஊன்றுகோல், மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி போன்றவற்றுக்கு விண்ணப்பிக்க வழி உண்டு. 2025 வரவு செலவுத் திட்டத்தில், குறைந்த வருமானமுள்ள 70 வயதுக்கு மேற்பட்டவர்களின் மாதக் கொடுப்பனவு 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாகவும், மாற்றுத்திறனாளிகளுக்கும் சிறுநீரக நோயாளர்களுக்குமானது 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாகவும் கூட்டப்பட்டது.

5,000 ரூபா பெரிய தொகையல்ல. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தின்படி பார்த்தால் நான்கு நாள் சம்பளத்துக்கும் குறைவு. ஆனாலும் மருந்துக்கும் மாவுக்கும் மகன் கையை எதிர்பார்த்திருக்கும் ஒரு தகப்பனுக்கு அது சொந்தக் காசு. அந்தச் சொந்தக் காசு அவர் கைக்கு வராமல் தடுப்பவை நான்கு.

முதலாவது, ஆவணம். எமது மூத்தவர்கள் பலருக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. இருந்தாலும் பேர் பொருந்துவதில்லை. செக்ரோலில் மாரியாயி, அடையாள அட்டையில் மாரியம்மா, ஈ.பி.எப். புத்தகத்தில் இன்னொரு எழுத்து. இவற்றை எழுதியவர்கள் காரியாலயத்துக் கிளாக்கர்மார்கள். அலைவது எழுதப் படிக்கத் தெரியாத கிழவி. சத்தியக்கடதாசிக்கு ஒரு நாள், உத்தேச வயதுச் சான்றிதழுக்கு ஒரு நாள், கிராம உத்தியோகத்தரின் கையொப்பத்துக்கு ஒரு நாள் என்று போகிறது.

இரண்டாவது, மொழி. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. நுவரெலியா மாவட்டத்தில் தமிழ் பேசுவோரே பெரும்பான்மை. அப்படியிருந்தும் சிங்களத்தில் மட்டும் அச்சடித்த படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நிரப்பித் தர ஆள் தேடி காரியாலயத்து வாசலில் நிற்கும் எமது மக்களைக் காணலாம். படிவம் நிரப்பப் பணம் வாங்கும் தரகர்கள் அங்கேதான் முளைக்கிறார்கள்.

மூன்றாவது, தூரம். அம்பகமுவ பிரதேச செயலகம் இருப்பது கினிகத்தேனையில். பொகவந்தலாவையிலிருந்தோ மஸ்கெலியாவிலிருந்தோ ஒரு காரியத்துக்குப் போவதென்றால், ஹட்டன் பக்கம் வந்து பஸ் மாறி, முழு நாளும் கழிந்துவிடும் நிலை இருந்தது. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களை ஒரே பிரதேச செயலகத்தின் கீழ் நீண்ட காலம் வைத்திருந்தார்கள். நோர்வூட், தலவாக்கலை ஆகிய இடங்களில் செயலகங்கள் திறக்கப்பட்டது நல்ல காரியம். ஆனால் டவுனுக்கு வந்த காரியாலயம் இன்னும் மலை உச்சியிலுள்ள டிவிசனுக்கு வரவில்லை. பக்கவாதம் வந்து படுத்திருப்பவரை யார் தூக்கிக்கொண்டு போவது? மகள் போனால் அவளுடைய நாட்சம்பளம் போகிறது.

நான்காவது, கடிதம். லயத்துக் காம்பிராவுக்குத் தனி விலாசம் கிடையாது. கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து கை மாறி வரவேண்டும். "இந்தத் திகதிக்கு முன் மேன்முறையீடு செய்யுங்கள்" என்ற அறிவித்தல் திகதி கடந்த பின் கிடைத்தால், அந்த உரிமை கடிதப் பெட்டிக்குள்ளேயே செத்துப் போகிறது.

அஸ்வெசும கணக்கெடுப்பிலும் இதே கோளாறு. 22 குறிகாட்டிகளை வைத்துக் குடும்பத்தின் வறுமையை அளக்கிறார்கள். ஒரு காம்பிராவுக்குள் தாய் தகப்பன் ஒரு பக்கம், மகன் குடும்பம் ஒரு பக்கம் என்று இரண்டு அடுப்பு எரியும். அதை ஒரே வீடாக எழுதினால், இரண்டு பேர் உழைக்கிற குடும்பம் என்று கணக்கு முடிந்துவிடும். லயத்தைப் பார்க்காமல் படிவத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது விளங்காது.

"அவர்களுக்குத்தான் ஈ.பி.எப். பணம் கிடைத்ததே" என்று சில உத்தியோகத்தர்கள் சொல்வதுண்டு. அது தொழிலாளியின் 8 வீதமும் கம்பனியின் 12 வீதமும் சேர்ந்த, உழைத்து மிச்சம் பிடித்த பணம். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கலாம். மகளின் கலியாணம், பழைய கடன், காம்பிராவுக்கு முன்னால் ஒரு சாய்ப்பு என்று அது முடிந்து இருபது வருடத்துக்குப் பிறகும் மனிதர் உயிரோடு இருக்கிறார். அரச ஊழியருக்கு இருப்பது போல மாதப் பென்ஷன் அவருக்குக் கிடையாது.

உத்தியோகத்தர்களின் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு சமூக சேவை உத்தியோகத்தர் பல தோட்டங்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது. வாகனமும் பாதையும் பிரச்சினை. நல்ல மனதோடு வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு எமது நன்றி. ஆனால் தனி மனிதரின் நல்ல மனதை நம்பி ஒரு சமூகம் வாழ முடியாது. உத்தியோகத்தர் மாற்றலாகிப் போனாலும் வேலை நடக்கும் முறை வேண்டும்.

ஆகவே திணைக்களத்திடமும் பிரதேச செயலாளர்களிடமும் நாம் கேட்பவை இவை. மாதத்தில் ஒரு நாள், முன்கூட்டியே அறிவித்த திகதியில், தமிழில் பேசவும் எழுதவும் தெரிந்த உத்தியோகத்தர் தோட்டத்துக்கு வரவேண்டும். கிராம உத்தியோகத்தரும் அதே நாளில் அதே இடத்தில் இருந்தால், நான்கு நாள் அலைச்சல் ஒரு நாளில் முடியும். நடக்க முடியாதவரைக் காம்பிராவுக்கே போய்ப் பார்த்துப் பதிய வேண்டும். எல்லாப் படிவமும் தமிழில் கிடைக்க வேண்டும். விண்ணப்பம் கொடுத்தவருக்குத் திகதியிட்ட பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டும். நிராகரித்தால் காரணத்தைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். தோட்ட நிர்வாகம் செய்ய வேண்டியது ஒன்று: பேர் வெட்டும் நாளிலேயே, சேவைக் காலத்தையும் சரியான பேரையும் எழுதிய கடிதத்தைத் தொழிலாளியின் கையில் கொடுப்பது.

தோட்டத் தலைவர்மாரும் மாதர் தலைவிகளும் காத்திருக்காமல் இந்த மாதமே ஆரம்பிக்கலாம். ஒரு கொப்பியை எடுத்து லயம் லயமாகப் போங்கள். 70 கடந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளர்கள், தனித்து வாழும் பெண்கள் யார் யார் என்று எழுதுங்கள். யாருக்கு எந்த உதவி கிடைக்கிறது, யாருக்கு எந்த ஆவணம் இல்லை என்று பக்கத்தில் குறியுங்கள். எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டினார், எந்தக் கட்சிக்கு வாக்களித்தார் என்று பார்க்க வேண்டாம். பசிக்கு நிறம் இல்லை. அந்தப் பட்டியலைப் பிரதேச செயலாளரிடம் கையளித்து, பிரதியில் முத்திரை வாங்குங்கள். பதில் வராவிட்டால் 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், "எமது தோட்டத்திலிருந்து கிடைத்த விண்ணப்பங்கள் எத்தனை, ஏற்றவை எத்தனை, மறுத்தவை எத்தனை?" என்று எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டிய கடமை அவர்களுக்கு உண்டு.

சிபாரிசுக் கடிதத்தோடு ஒருவர் இருவராகப் போய் நிற்பதை விட, முழுத் தோட்டத்தின் பட்டியலோடு போவது வேறு. முன்னது தயவு கேட்பது. பின்னது கணக்குக் கேட்பது. நாற்பது வருடம் தோட்டம் எமது கிலோவுக்கு ஒழுங்காகக் கணக்கு வைத்தது. இப்போது எமது மூத்தவர்களுக்கு நாம் ஒரு கணக்கு வைப்போம். அதை அரசாங்கத்தின் மேசையில் வைப்போம்.