திறக்க முடியாத விளக்கு

இருளைப் பற்றித் தோட்டத்து மக்களுக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டுக்குப் புறப்படுகிறவர்களும், இராவேளையில் தொழிற்சாலைக்குப் போகிறவர்களும், லயத்துக்கு எட்டத்தில் நிற்கும் மலசலகூடத்துக்குப் பிள்ளையைக் கூட்டிச் செல்லும் தாயும் அதனை அன்றாடம் அளந்து பார்த்தவர்கள். சிறுத்தை நடமாடும் மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கங்களில் அந்த இருளுக்குக் கண்களும் உண்டு. ஆதலால் மின்சூள் என்று நூல்களும் டோர்ச் லைட் என்று லயங்களும் வழங்கும் அந்தச் சிறு கருவிக்கு மலையகத்தில் குடைக்கும் கம்பளிக்கும் அடுத்த இடம் வாய்த்திருக்கிறது.

இதிலே கசப்பான முரண் ஒன்றும் உண்டு. இம்மலைகளின் ஆறுகளே இலங்கைக்கு மின்னொளி தந்தவை. பழைய லக்ஷபான மின்நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கிற்று. காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்கள் 1960களில் எழுந்தன. நீர் இங்கிருந்து இறங்கிற்று; ஒளி கொழும்புக்குச் சென்றது. அணையைக் கண்ணாற் காணக்கூடிய தூரத்திலிருந்த லயங்கள் பலவும் நெடுங்காலம் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கோடுதான் கிடந்தன. அந்த விளக்கு சரிந்தால் என்ன நேரும் என்பதை வைத்தியசாலைகள் அறியும். தீக்காயம் பட்டோரைக் கண்டு மனம் நொந்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, குள்ளமாய்க் கனத்து, இருபுறமும் தட்டையாய், திருகுமூடி கொண்டதாய், சரிந்தாலும் உருளாத ஒரு கண்ணாடி விளக்கை 1992இல் அமைத்தார். அதற்கு 1998இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. விளக்கின் உருவைச் சற்றே மாற்றுவது விளையாட்டுக் காரியம் என்று நினைப்போர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பழைய டோர்ச் லைட், திறப்பதற்கென்றே செய்யப்பட்ட பொருள். தகரத்திலோ பித்தளையிலோ ஒரு குழல். பின்னே சுருள்வில் பதித்த மூடி. உள்ளே ஒன்றரை வோல்ற்றுப் பற்றரி இரண்டு. முன்னே பல்பும் குழியாடியும் கண்ணாடியும். அவ்வளவே. பற்றரியின் புறத்தேயுள்ள துத்தநாகக் கிண்ணமே அதன் ஒரு மின்வாய். மின்னைத் தருந்தோறும் அந்தக் கிண்ணம் தானே கரைகிறது. கரைந்து துளை விழுந்தால் உள்ளிருக்கும் உப்புநீர் கசிந்து சுருள்வில்லை அரித்துவிடும். விளக்கு செத்துப் போயிற்று என்று பட்டணத்தவர் எறிந்துவிடுவது பெரும்பாலும் இந்நிலையில்தான்.

லயத்து இளைஞன் எறியமாட்டான். ஒரு குறடு, ஒரு முக்கோண அரம், முனை தேய்ந்த திருப்புளி, அடுப்பில் காய்ச்சிய செப்புக்கோல்: இவையே அவனுடைய ஆய்வுகூடம். துருவை அராவி நீக்குவான். வில் முறிந்திருந்தால் பால்மாத் தகரத்தை நறுக்கி நாக்குப்போல் வளைத்துச் செருகுவான். மூன்று பற்றரி கொள்ளும் குழல், இரண்டுக்குத்தான் காசு என்றால், மூன்றாவதன் அளவுக்கு மரக்கட்டை சீவி அதன் நடுவே ஓர் ஆணியை இறக்கி மின்னுக்கு வழி செய்வான். பல்பையும் இரண்டுக்கு ஏற்றதாக மாற்றுவான். இவற்றினும் நுட்பமானது ஒளியைக் குவிக்கும் வேலை. பல்பின் இழை குழியாடியின் குவியத்தில் நிற்க வேண்டும். ஓரிரு மில்லிமீற்றர் பிசகினாலும் ஒளி அகன்று நடுவே கருவட்டம் விழும். பல்பின் கழுத்துக்குக் கீழே தகர வளையம் ஒன்றை இட்டும், இட்டதை அராவியும் அவன் அந்தப் புள்ளியைத் தேடுகிறான். சுவரில் விழும் வட்டத்தைப் பார்த்துப் பார்த்தே கண்டுபிடிக்கிறான்.

மூடுபனியில் நடந்தோர் அறிந்த செய்தி வேறொன்று. கண்ணாடியில் மஞ்சட் கடதாசி ஒட்டினால் ஒளி பனியைத் துளைக்கும் என்று பலர் நம்புகின்றனர். பனித்துளி ஒளியலையினும் பன்மடங்கு பெரிதாகையால் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவிற் சிதறடிக்கும் என்பதே பௌதிகம். விளக்கைக் கண்ணருகே பிடியாமல் முழங்காலளவுக்குத் தாழ்த்திப் பிடித்தால், பட்டுத் திரும்பும் வெண்மை கண்ணைக் கூசச் செய்வது குறையும், பாதை தெரியும். குறுக்குப் பாதையில் நடந்து பழகிய கால்களுக்கு இது புத்தகம் சொல்லாமலே தெரிந்திருக்கிறது.

பிறகு எல்.ஈ.டி. வந்தது. ஒளிகாலும் இருவாயி என்பது நம் பாடநூல் அதற்கு இட்ட பெயர். அழகான பெயர்தான், ஆனால் வகுப்பறைக்கு வெளியே அதைச் சொல்லக் கேட்டதில்லை. வெள்ளொளி தருவது ஏறத்தாழ 3.2 வோல்ற்றுக் கேட்கும். இரண்டு பற்றரி சேர்ந்தால் 3 வோல்ற்று, போதாது, மங்கும். மூன்று வைத்தால் 4.5, மிஞ்சும். மிஞ்சுகிற 1.3 வோல்ற்றை ஒரு தடையியில் இழக்க வேண்டும். ஓட்டம் 20 மில்லி அம்பியர் ஆகலாமெனின், 1.3ஐ 0.02ஆல் வகுக்க 65 ஓம். கடையிற் கிடைப்பது 68. இந்த வகுத்தலைத் தாளில் எழுதாமலே, தடையியை மாற்றி மாற்றிப் பொருத்தி அதே இடத்துக்கு வந்து சேர்ந்த பையன்களை நான் கண்டிருக்கிறேன். ஓமின் விதிக்குப் பரீட்சையிற் புள்ளி இழந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். அப்படியானால் பரீட்சித்தது எதனை?

இன்னொரு வித்தையும் சொல்ல வேண்டும். செத்துப்போன சிக்கனப் பல்பை உடைத்தால் கிடைக்கும் சிறு பெரைற்று வளையத்தில் இரு கம்பிகளைச் சுற்றி, ஒரு திரான்சிற்றரும் ஒரு தடையியும் சேர்த்தால், தீர்ந்ததென எறிந்த ஒற்றைப் பற்றரியும் எல்.ஈ.டி.யை எரிய வைக்கும். 1999இல் ஆங்கிலச் சஞ்சிகையொன்றில் வெளிவந்த சுற்று இது. பின்னர் ‘ஜூல் திருடன்’ என்ற பெயரால் உலகெங்கும் பரவிற்று. செத்தவனிடமும் திருடும் இந்தத் திருடனை மன்னிக்கலாம்.

இன்று கடைகளில் நிறைந்திருக்கும் மலிவான டோர்ச் லைட்டுகளோ ஒட்டி மூடப்பட்டவை. ஆணி இல்லை, திருகு இல்லை; சுவர்ச்சொருகியில் நேரே மாட்டி மின்னேற்ற வேண்டும். பற்றரி சோர்ந்தால் முழு விளக்கும் தேயிலைக் கானில் விழுகிறது. வெட்டித் திறந்தால் ஆபத்து வேறு. இவற்றுட் பலவற்றில் வீட்டு மின்னை உள்ளிருக்கும் சுற்றிலிருந்து பிரித்துக் காக்கும் மாற்றி கிடையாது. சொருகியபடி உட்புறத்தைத் தொட்டால் உயிருக்கே கேடு. இலித்தியம் பற்றரியின்மேல் சூட்டுக்கோலை வைப்பதும் தீயை அழைப்பதாகும். ஆகவே எல்லா விளக்கையும் பிள்ளைகள் திறக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. திறக்கத்தக்கது எது, தகாதது எது என்று பகுத்தறிவதும் கற்பிக்க வேண்டிய அறிவே. இப்போது அதனைக் கற்பிப்பார் யார்?

2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் நின்றது. டொலர் இல்லை, இறக்குமதி சுருங்கிற்று, கொழும்பின் மாடிவீடும் ஹட்டன் லயமும் ஒரே இருளில் இருந்தன. அத்தகைய நாட்களிற் பழுதுபார்க்கத் தெரிந்த கையின் விலை தெரியும்.

இங்கே எழும் மறுப்பை நான் அறிவேன். அதை எழுப்புவோர்மீது எனக்கு மதிப்பும் உண்டு. ‘கவ்வாத்துக் கத்தி பிள்ளையின் கைக்குப் போகக்கூடாது என்றுதான் பெற்றோர் பாடசாலைக்கு அனுப்பினர், நீர் அங்கே குறட்டைக் கொடுப்பதா?’ என்பார்கள். தோட்டப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டத் தெரிந்தாற் போதும் என்று துரைமார் எண்ணியிருந்த காலத்தை மறவாதவர்களுக்கு இந்த ஐயம் இயல்பே. ஆனால் சத்திரசிகிச்சையும் கைவேலைதான். மின்காந்தத் தூண்டலைக் கண்ட மைக்கேல் பரடே, இலண்டனிற் புத்தகம் கட்டும் தொழில் பழகிய பையன். பிள்ளையை லயத்தில் கட்டிப்போடுவது, கை அறிந்ததற்குப் பெயரும் சூத்திரமும் கொடுக்காமல் விடும் கல்வி என்பேன். உயர்தரத்தில் தொழினுட்பத் துறை 2013இல் வந்தது. அதன் வாயிலுக்கு வரும்போது மலையக மாணவன் வெறுங்கையோடு வரவில்லை என்பதை அவனுடைய ஆசிரியராவது அறிந்திருக்க வேண்டும்.

பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயின்று வரும் இளம் ஆசிரியர்களிடம் நான் கேட்பது பெரிய ஆய்வுகூடம் அன்று. ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு வாரத்தில் ஒரு பிற்பகல். ஒரு நீள மேசை. ஆறு குறடு, ஆறு அரம், ஒரு சூட்டுக்கோல், ஒரு பன்மானி. பழுதான டோர்ச் லைட்டுகளுக்குச் செலவில்லை. அவற்றைப் பிள்ளைகளே வீட்டிலிருந்து கொண்டுவருவார்கள்.