மலைக்குளிரும் பொலிகாளையின் விந்தும்

பசு சினை பிடிக்கத் தவறினால், பசுவின்மேல் குறை கூறுவதும் தீவனத்தின்மேல் குறை கூறுவதும் உலக வழக்கம். அவை சில சமயம் மெய்யே. ஆயினும், குந்தா வட்டத்துப் பிக்கட்டி போன்ற மலையூர்களில் மூன்றாவது காரணம் ஒன்றையும் கருதவேண்டும். கருவூட்டும் வேளையில் விந்தைத் தாக்கும் குளிரே அது.

அக்காலத்தில் நமது பக்கத்து நாடாயிருந்த மைசூரில், அரண்மனைப் பால்பண்ணையில், 1939-ஆம் ஆண்டில் சம்பத் குமாரன் என்பார் செயற்கைமுறைக் கருவூட்டலைத் தொடங்கினார். இன்று உதகமண்டலத்திலேயே உறைவிந்து தயாரிக்கப்படுகிறது. ஆகவே குடியானவர்க்கு நல்ல விந்து எட்டாப் பொருளன்று. அதன் இயல்பை அறிந்து காப்பதே இனிச் செய்யவேண்டுவது.

விந்தில் உயிரணுக்களும், அவை மிதக்கும் திரவமும் என இரு பகுதிகள் உண்டு. காளையின் விந்தில் ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ நூறு கோடி அணுக்கள் இருக்கும். அவ்வணுக்கள் தம்முள் சேமித்து வைத்துள்ள உணவு மிகச் சொற்பம். திரவத்திலுள்ள பிரக்டோஸ் என்னும் பழச்சர்க்கரையே அவற்றின் முக்கிய ஆகாரம். இவ்வுண்மையைக் கேம்பிரிட்ஜில் தாடியஸ் மான் என்பார் 1946-இல் விளக்கினார். சர்க்கரை செலவாகும்போது லாக்டிக் அமிலம் உண்டாகும். அது மிகுந்தால் அணுக்களின் ஓட்டம் தளரும்.

எல்லாப் பிராணிகளின் விந்தும் ஒன்றே என எண்ணலாகாது. பன்றி, குதிரை ஆகியவற்றின் விந்தில் பிரக்டோஸ் மிகக் குறைவு. வெள்ளாட்டின் விந்திலுள்ள ஒருவகை நொதியோ, கோழிமுட்டையின் மஞ்சட்கருவைச் சிதைத்து அணுக்களுக்கே கேடாக்கும். காளைவிந்துக்கு அதே மஞ்சட்கரு நல்ல காப்பாகும். அணுக்களைச் சூழ்ந்த மெல்லிய கொழுப்புச் சவ்வு திடீர்க் குளிரில் பழுதுபடுவதை அது தடுக்கிறது. உறையும்போது பனிப்படிகங்கள் அணுவைக் கெடுக்காதபடி கிளிசரின் காக்கும். அதன் பயனை 1949-இல் இங்கிலாந்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் ஆகியோர் கண்டனர்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம்: “பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரிக் குளிரில் திரவ நைட்ரஜனில் இருந்த பொருளுக்கு, மலைக்குளிர் என்ன கேடு செய்யும்?” உறைந்திருக்கும் வரை அணுக்கள் செயலற்று நிற்கும், அப்போது கேடில்லை. 37 டிகிரி வெந்நீரில் முப்பது விநாடி வைத்து உருக்கிய பின்னரோ, அவை உயிர்ப்புடன் ஓடும். அந்நிலையில் பனிபெய்யும் காலைக்காற்றிலோ குளிர்ந்த உலோகக் கருவியிலோ பட்டால், சவ்வு பழுதாகி உட்பொருள்கள் கசியும். ஒருமுறை பழுதான அணுவை மறுபடி சூடேற்றினாலும் அது முன்போல் ஆகாது.

ஆதலின், மலையூர்களில் கருவூட்டலுக்கு இதமான உஷ்ணமும் ஓர் இன்றியமையாச் சாதனமென்று கொள்ளவேண்டும். பிக்கட்டி போன்ற ஒவ்வோர் ஊரிலும் பால் சேகரிக்குமிடத்தில் ஓர் உஷ்ணமானியும் வெந்நீர்க் குடுவையும் வைத்தல் நலம். இதன் செலவு அற்பம். கருவூட்டுவோர் விந்து செலுத்தும் கருவியைத் துணியால் துடைத்து வெதுவெதுப்பாக்க வேண்டும். விந்துக் குச்சியின் ஈரத்தைத் துடைத்துக் கருவியிலிட்டு, ஆடைக்குள் பொதிந்து கொண்டுசென்று, தாமதமின்றிச் செலுத்தவேண்டும். பசுவின் சொந்தக்காரரோ, காற்றுத் தடுக்கும் கொட்டகையில் பசுவை முன்கூட்டியே கட்டி வைத்தல் கடமை. குச்சியை உருக்கிய பிறகு பசுவைத் தேடிப்போவது வீண் முயற்சி.

ஒருமுறை கருவூட்டல் பிழைத்தால் அடுத்த பருவத்துக்கு ஏறத்தாழ 21 நாள் காத்திருக்க வேண்டும். தீனிச்செலவு நிற்பதில்லை, கன்றும் பாலும் தள்ளிப்போகும். நல்ல பொலிகாளையைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் ஊக்கத்தில் ஒரு பங்கை, உருக்கிய விந்தைக் குளிரினின்றும் காப்பதிலும் காட்டினால், மலைநாட்டுக் குடியானவர்க்கு அதன் பயன் கைமேல் கிட்டும்.